வடதுருவத்துக்கு ஒரு வண்ணப்பெட்டி

திருவள்ளூர் மாவட்டத்தின் மிகக் குளிர்ந்த இடங்களுள் ஒன்று எண்ணூர்ப் பக்கம் இருக்கிறது. காமராசர் துறைமுகத்தில் 2019-இல் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் முனையத்தின் தொட்டிகளில் இயற்கை எரிவாயு மைனஸ் 162 டிகிரியில் திரவமாகக் கிடக்கிறது. அதுவே வாயுவாக இருந்தால் 600 மடங்கு இடம் கேட்கும். ஆர்க்டிக்கில் இதுவரை அளந்த எந்தக் குளிரும் இதன் அருகில் வராது. இப்படிப்பட்ட தொட்டிகளின் உட்சுவரைச் சாதாரண எஃகால் கட்டுவதில்லை. வழக்கமாக 9 சதவீதம் நிக்கல் சேர்த்த எஃகைத்தான் போடுவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருட்டுகிற கட்டுமானக் கம்பி நம் வெயிலில் வளையும். கடுங்குளிரிலோ அதே வகை எஃகு வளைய மறுத்து உடையும். எஃகு மாறவில்லை, வெப்பநிலைதான் மாறியது.

ஆர்க்டிக்குக்குப் படம் வரையப் போகிறவர் தன் பெட்டியில் உள்ள ஒவ்வொரு பொருளிடமும் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும்: எத்தனை டிகிரியில் உன் குணம் மாறும்? வண்ணம், தூரிகை, தாள், பெட்டி, கடைசியில் தன் கை, தன் கண் எல்லாவற்றிடமும் கேட்க வேண்டும். விடைகளில் பெரும்பகுதியைத் திருவள்ளூர் மாவட்டத்தை விட்டு நகராமலே தெரிந்துகொள்ளலாம்.

போவது நடக்கக்கூடிய காரியமா என்றால், நடக்கக்கூடியதுதான். நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் நீ-ஓலெசுண்ட் என்ற ஊரில் இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குகிறது. அங்குள்ள கோங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில் 2014-இல் இறக்கிய ‘இண்ட்ஆர்க்’ கடலடிக் கருவித்தொகுதியை உருவாக்கியது நம் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். கலைஞர்களையும் அறிவியலாளர்களையும் பாய்மரக் கப்பலில் ஏற்றி ஸ்வால்பார்டைச் சுற்றிவரும் ‘ஆர்க்டிக் சர்க்கிள்’ என்ற உறைவிடத் திட்டம் 2009 முதல் நடக்கிறது. 1920-இல் கையெழுத்தான ஸ்வால்பார்டு ஒப்பந்தத்தின்படி அந்தத் தீவுகளுக்கு விசாவே வேண்டாம். ஆனால் நார்வே வழியாகத்தான் போக முடியும் என்பதால் ஷெங்கன் விசா தேவை, அதுவும் இருமுறை நுழையும் அனுமதியோடு. ஸ்வால்பார்டில் கால் வைத்ததுமே ஷெங்கன் எல்லைக்கு வெளியே போனதாகக் கணக்கு.

இனி வண்ணத்துக்கு வருவோம்.

நீர்வண்ணம்தான் முதலில் கைவிடும். கடையில் ஐஸ்கிரீம் வைக்கும் டீப் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியை ஒட்டி இருக்கும், சோதனைக்கு அதுவே போதும். தாளில் அடர்நீலத்தை அகலமாக ஒரு இழுப்பு இழுத்து, ஈரம் காய்வதற்குள் உள்ளே வைத்து, அரை மணி கழித்து எடுத்துப் பாருங்கள். நீலப்பரப்பில் இலை நரம்பைப் போலக் கிளைகிளையாகக் கோடுகள் ஓடியிருக்கும். தண்ணீர் உறையும்போது தூய நீர் மட்டும் படிகமாகச் சேர்கிறது. நிறமியையும் பிசினையும் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. படிகங்களின் இடுக்குகளில் ஒதுங்கிய நிறம்தான் அந்த நரம்புக் கோடு. துருவக்கடலில் நடப்பதும் இதுவே. கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியை ஒட்டி உறைகிறது, உறையும்போது உப்பை வெளியே தள்ளுகிறது. அந்த உப்புக்கரைசல் கனத்துப்போய் ஆழத்துக்கு இறங்குகிறது. உலகக் கடல்களின் ஆழ்நீரோட்டத்துக்கு உந்துதல் தருகிறவற்றுள் இதுவும் ஒன்று. அந்த நீலத் தாளைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது. ஆனால் மலையை வரையப் போனவர் இலையோடு திரும்பி வரக்கூடாதே.

இதற்கு ஓவியர்கள் கண்ட வழி, தண்ணீருக்குப் பதில் வோட்கா. எத்தனால் மைனஸ் 114 டிகிரி வரை உறையாது. 40 சதவீதம் எத்தனால் உள்ள வோட்கா மைனஸ் 27 வரை தாங்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஆல்கஹால் கலந்த நீரின் பரப்பு இழுவிசை குறைந்துவிடுவதால் வண்ணம் நின்ற இடத்தில் நிற்காமல் விரியும். நீர்வண்ணத்தைத் தாளில் பிடித்துவைக்கும் கருவேலப் பிசின் வகை ஆல்கஹாலில் கரையாது. அளவு மிஞ்சினால் பிசின் திரிந்து, வண்ணம் மணல்மணலாகப் பிரியும். எத்தனை பங்கு சேர்த்தால் தன் கைக்குச் சரிவரும் என்பதை அவரவர் அந்த டீப் ஃப்ரீசர் பக்கத்தில் நின்றுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அக்ரிலிக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்பது என் கருத்து. ஃபெவிகாலைப் போல அதுவும் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளின் கலவை. தண்ணீர் ஆவியாகும்போது உருண்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி உருகி ஒட்டினால்தான் படலம் உருவாகும். அதற்குச் சுமார் 9, 10 டிகிரியாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் உருண்டைகள் இறுகிக் கிடக்கும், காய்ந்தது போலத் தெரிந்தாலும் தேய்த்தால் பொடியாக உதிரும். டியூபுக்குள்ளேயே உறைந்து உருகினால் தயிர் திரிவதுபோல் திரிந்துவிடும். ஏற்கெனவே காய்ந்த நல்ல அக்ரிலிக் படத்தைக்கூடக் குளிரில் சுருட்டினால் விரிசல் விடும்.

எண்ணெய் வண்ணம் இவ்வளவு எளிதில் தோற்காது. ஆளிவிதை எண்ணெய் காய்வது ஆவியாகி அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வலைப்பின்னலாக இறுகித்தான். எனவே குளிரில் அது கெடாது, சோம்பிப் போகும். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்று பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். நம் 30 டிகிரியிலிருந்து அங்குள்ள மைனஸ் 10 வரை இறங்கினால் பாதி, அதில் பாதி என்று பதினாறில் ஒரு பங்குக்கு வந்துவிடும். இங்கே நான்கு நாளில் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வரும் படம், அங்கே வெளியிலேயே இருந்தால் இரண்டு மாதம் கேட்கும். ஆகவே ஈரப்படங்களை ஒன்றோடொன்று உரசாமல் செருகிவைக்கும் பள்ளம் வெட்டிய பெட்டி கட்டாயம் வேண்டும். துணிக்குப் பதில் பலகை எடுத்துப் போவது நல்லது. கடைப் பெயர்ப்பலகை செய்யும் ஏசிபி ஷீட்டின் வெட்டுத்துண்டுகள் இதற்கு அருமையாகப் பொருந்தும். லேசானவை, ஈரத்தால் நெளியாதவை. லேசாகத் தேய்த்து ஒரு கோட் பிரைமர் அடித்தால் போதும்.

பனியை வரையப் போகிறவர் எந்த நிறத்தைவிடவும் வெள்ளையைத்தான் அதிகம் சுமக்க வேண்டியிருக்கும். பனி வெண்மையாகத் தெரியும் காரணமும் வெள்ளை வண்ணம் வெண்மையாகத் தெரியும் காரணமும் ஒன்றே. பனிக்கட்டிக்குத் தன் நிறம் என்று அனேகமாக ஒன்றும் இல்லை, அது கண்ணாடி போன்றது. ஆனால் பனித்துகளுக்கும் இடையிலுள்ள காற்றுக்கும் ஒளிவிலகல் எண் வேறு: 1.31, 1. ஒளி ஒவ்வொரு எல்லையிலும் சிதறி, எல்லா நிறமும் கலந்தபடி திரும்பி வருகிறது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் ஈரமாக இருக்கும்போது மங்கலாகவும், காயக்காயப் பளீரென்றும் ஆவதும் இதனால்தான். துகள்களுக்கு இடையில் தண்ணீர் இருக்கும்வரை எண்களுக்குள் வேறுபாடு குறைவு, காற்று புகுந்ததும் கூடிவிடுகிறது. எண்ணெயின் எண் 1.48. அதில் சுண்ணாம்பைக் குழைத்தால் வெண்மையே காணாமல் போகும். துத்தநாக ஆக்சைடு 2 என்பதால் ஓரளவு மறைக்கும். டைட்டானியம் டையாக்சைடு 2.7 என்பதால் முழுமையாக மறைக்கும். கன்னியாகுமரி, கொல்லம் கடற்கரைகளில் கறுப்பாகப் படியும் இல்மனைட் மணலிலிருந்துதான் இந்த டைட்டானியம் கிடைக்கிறது. இவ்வளவு வெள்ளையான நிறமி கறுப்பு மணலிலிருந்து வருவது எனக்கு எப்போதும் வியப்பு. துத்தநாக வெள்ளையைக் கொண்டுபோக வேண்டாம். எண்ணெயில் அது நாளடைவில் நொறுங்கும் இயல்புடையது, குளிர் அதற்கு இன்னும் ஆகாது.

பெட்டியையும் சோதித்தாக வேண்டும். பிளாஸ்டிக் ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடி நிலை வெப்பநிலை உண்டு, அதற்குக் கீழே போனால் பல பிளாஸ்டிக்குகள் கண்ணாடிபோல் உடையும். நம் கடைகளில் கிடைக்கும் மூடிபோட்ட பெட்டிகள் பல பாலிபுரொப்பிலீனால் ஆனவை. அதன் எல்லை பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. கீல் முதலில் முறியும். பாலிஎத்திலீன் பெட்டி மைனஸ் 50-லும் வளைந்துகொடுக்கும். வாங்குமுன் அடியில் உள்ள முக்கோணத்தைத் திருப்பிப் பாருங்கள்: 5 என்றால் வேண்டாம், 2 அல்லது 4 என்றால் எடுக்கலாம். கும்மிடிப்பூண்டியில் மோல்டிங் யூனிட்டில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்.

உறைகிற திரவமே இல்லாதது பென்சிலும் பாஸ்டலும்தான். நார்வேயின் ஃபிரிட்யோஃப் நான்சன் 1893 முதல் 1896 வரை வடதுருவக்கடலில் உறைபனியோடு மிதந்த பயணத்தில் துருவ ஒளியையும் அந்தியையும் பாஸ்டலில் தீட்டினார். தென்துருவப் பயணத் தலைவர் ஸ்காட்டின் குழுவில் இருந்த மருத்துவர் எட்வர்ட் வில்சன் பென்சிலையே நம்பினார். களத்தில் நின்று வேகமாகக் கோட்டுருவம் போடுவார், இந்த இடத்தில் இன்ன நிறம் என்று அதன் மேலேயே எழுதுவார், குடிலுக்குத் திரும்பி விளக்கொளியில் நீர்வண்ணம் ஏற்றுவார். இந்திய ஓவிய வரலாற்றோடு சேர்ந்த ஒருவரும் இந்த வரிசையில் உண்டு. ரஷ்யரான நிக்கோலஸ் ரோரிக் 1927-28 குளிர்காலத்தில் திபெத்தின் சாங்தாங் மேட்டுநிலத்தில் மாதக்கணக்கில் தடுத்துநிறுத்தப்பட்டார். கோடைக்கூடாரங்களோடு அங்கே சிக்கிய குழுவில் சிலர் இறந்தனர், பொதிமிருகங்களில் பெரும்பாலானவை மடிந்தன. அதிலிருந்து மீண்டு குலு பள்ளத்தாக்கின் நக்கரில் குடியேறி, 1947-இல் இறக்கும்வரை டெம்பராவில் பெரும்பாலும் இமயத்தையே வரைந்தார்.

இவர்களில் நான் பின்பற்றச் சொல்வது வில்சனின் வழியை. அது மாற்றுவழி என்று நினைத்துவிடக் கூடாது, அதுவே முதல் வழி. நிறத்தைச் சொல்லால் பிடித்து எழுதப் பழகியவருக்கு எத்தனை டிகிரியும் தடையில்லை. கேமரா இருக்கிறதே என்று கேட்கலாம். கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். வெண்பனியைச் சாம்பலாக்கும். நிழலின் நீலத்தைத் தானாகவே ‘சரிசெய்து’ துடைத்துவிடும். ஓவியர் எதற்காக அவ்வளவு தூரம் போனாரோ அதையே அழித்துவிடும்.

அந்த நீலம் கற்பனை இல்லை. கும்மிடிப்பூண்டி 13.4 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும், நிழல் காலடியில் ஒடுங்கும். 79 பாகையில் உள்ள நீ-ஓலெசுண்டில் சூரியன் ஆண்டின் உச்சநாளில்கூட 34.5 பாகைக்கு மேல் ஏறாது. ஆறடி மனிதரின் நிழல் அங்கே ஒருபோதும் எட்டே முக்கால் அடிக்குக் குறையாது. கோடையில் நான்கு மாதம் சூரியன் மறையாமல் வானத்தைச் சுற்றிவரும், நிழலும் கடிகார முள்போல் ஓவியரைச் சுற்றும். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நிழலான பகுதிக்கு நேர்வெயில் கிடைக்காது, நீலவானத்தின் ஒளி மட்டுமே கிடைக்கும், அதனால் பனியில் நிழல் நீலம். பனியாற்றின் பழைய கட்டியில் தெரியும் நீலத்துக்குக் காரணம் வேறு. பல நூறு ஆண்டு அழுத்தத்தில் காற்றுக்குமிழிகள் நசுங்கிப்போன கட்டிக்குள் ஒளி நெடுந்தூரம் போகிறது. நீர்மூலக்கூறுகள் சிவப்பை உறிஞ்சிவிடுகின்றன, மிஞ்சியது நீலமாக வெளியே வருகிறது. இரண்டு நீலத்தையும் ஒரே டியூபிலிருந்து எடுக்கிறவர் பனியைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன். முதலாவதில் ஊதா கலந்திருக்கும், இரண்டாவது பச்சையை நோக்கிச் சாயும்.

இவ்வளவு ஒளியில் கண்ணுக்கும் ஆபத்து. 1902-இல் தென்துருவத்தை நோக்கி நடந்தபோது, வரைவதற்காகக் கண்ணாடியைக் கழற்றிய வில்சனுக்குப் பனிக்குருடு வந்தது. புறஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடும், கண்ணில் மணல் கொட்டியது போன்ற வேதனை. அவர் கண்ணைக் கட்டிக்கொண்டே சறுக்குவண்டியை இழுத்தார், சுற்றிலும் தெரிந்ததை ஸ்காட் சொல்லிக்கொண்டே வந்தார். ஓவியருக்குப் பழுப்பு, மஞ்சள் கண்ணாடி ஆகாது. புறஊதாவைத் தடுக்கும் நடுநிலைச் சாம்பல் கண்ணாடிதான் நிறங்களை ஒன்றுக்கொன்று பிசகாமல் காட்டும்.

கைவிரலின் தோல் 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலை தடுமாறத் தொடங்கும். குளிரில் விரலின் ரத்தக்குழாய்கள் இறுகும், சிறிது நேரத்தில் தாமாகவே விரிந்து சூடேற்றும், மறுபடி இறுகும். தாமஸ் லூயிஸ் 1930-இல் பதிவுசெய்த இந்தச் சுழற்சி, வெப்பநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பொதுவாகப் பலவீனமாக இருக்கும். மைனஸ் 20 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் உடலுக்கு அது மைனஸ் 33. வெறும்தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். ஆகவே மெல்லிய உள்ளுறை, அதன்மேல் விரல்பிரியாத தடித்த உறை, தூரிகைக் காம்பும் தடித்ததாக வேண்டும். ஏசி மெக்கானிக்குகள் தாமிரக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு நுரைக்குழாயில் ஒரு சாண் வெட்டிக் காம்பில் மாட்டினால் உறையோடு பிடிக்கலாம், உலோகப்பூணின் குளிரும் விரலில் ஏறாது. அந்தப் பிடியில் நுணுக்கக் கோடு வராது, முழங்கையை அசைத்து வரையும் பெரிய கோடுதான் வரும். ஊரில் இருக்கும்போதே அப்படி வரைந்து பழக வேண்டும்.

பலர் மறப்பது ஈரத்தை. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 30 கிராம் நீராவியைத் தாங்கும், மைனஸ் 20-இல் ஒரே ஒரு கிராம். குளிர்ந்த படத்தை நேராகச் சூடான அறைக்குள் எடுத்துவந்தால் அறையின் ஈரமெல்லாம் அதன்மேல் வியர்க்கும், நீர்வண்ணம் ஓடிவிடும். வெளியிலேயே காற்றுப்புகாத பைக்குள் போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்து, பை சூடேறிய பிறகுதான் திறக்க வேண்டும்.

இத்தனை பாடுபட்டு எதற்காகப் போக வேண்டும்? 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகிவருகிறது. கிரீன்லாந்தின் பனி முழுதும் உருகினால் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அது உடனடியாக நடக்காது, ஆனால் உருகுவது தொடங்கிவிட்டது. அதில் நம்மைத் தொடும் இயற்பியல் ஒன்று உண்டு. அவ்வளவு பெரிய பனித்திணிவு தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன்பக்கம் இழுத்துவைத்திருக்கிறது. பனி கரைந்தால் அந்தப் பிடி தளரும். கிரீன்லாந்தை ஒட்டிக் கடல் தாழும், தொலைவில் உள்ள வெப்பமண்டலக் கரைகளில் சராசரியைவிட அதிகமாக ஏறும். பழவேற்காட்டில் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டில் வாழும் மீனவக் குடும்பங்களுக்கு, கிரீன்லாந்து அந்நிய நிலம் இல்லை.

ஓவியம் இதற்குச் சாட்சியாக நிற்கும். சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்ட் பனியாறு நூற்றாண்டுகளாக எவ்வளவு நீண்டது, எவ்வளவு சுருங்கியது என்பதை ஹைன்ஸ் ட்சும்பூல் போன்ற ஆய்வாளர்கள் காஸ்பர் வோல்ஃப், சாமுவேல் பிர்மான் முதலியோரின் படங்களைக் கொண்டே கணித்தார்கள். கிரேக்க ஆய்வாளர் கிறிஸ்தோஸ் செரஃபோஸும் குழுவினரும் 1500 முதல் 1900 வரை தீட்டப்பட்ட அந்தி ஓவியங்களில் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளந்து, எரிமலைகள் வானில் எவ்வளவு தூசியை ஏற்றின என்று 2007-இல் மதிப்பிட்டார்கள். அந்த ஓவியர்கள் யாரும் தரவு சேகரிக்க உட்காரவில்லை. கண்ட நிறத்தை ஒளிக்காமல் வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொரு தாளின் பின்புறமும் எழுத வேண்டியவை: தேதி, உலக நேரம், நின்ற இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, பார்த்த திசை, வெப்பநிலை, மேகம், கண்ணாடி போட்டிருந்தாரா இல்லையா, எந்த நிறமி. பனிக்கரடியை வரைந்தால் தொலைவையும் எழுதலாம். 2025 தொடக்கம் முதல் ஸ்வால்பார்டில் அதனிடமிருந்து 300 மீட்டராவது விலகி நிற்க வேண்டும் என்பது சட்டம், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கப் பழவேற்காடு நல்ல இடம். சைபீரியத் தூந்திரத்தில் குஞ்சு பொரிக்கும் வளைமூக்கு உள்ளானும் கொசு உள்ளானும் குளிர்காலத்தில் அங்கே சேற்றில் இரை தேடும். ஜனவரியில் வளைமூக்கு உள்ளான் சாம்பல் நிறம். வடக்கே கிளம்பும் காலம் நெருங்க நெருங்க உடலில் கொழுப்பு ஏறும், மார்பில் செங்கல் சிவப்பு இறகுகள் ஒவ்வொன்றாக முளைக்கும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வாரம் ஒருமுறை ஒரே கரையில் உட்கார்ந்து, தடித்த காம்புத் தூரிகையைப் பிடித்து, அந்தச் சிவப்பு எந்தத் தேதியில் எத்தனை பறவைகளிடம் எவ்வளவு ஏறியிருந்தது என்று வரைந்து குறிப்பெழுதினால், அந்த ஏடு கையைப் பழக்கும். பறவை ஆய்வாளர்களும் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.